மூன்றாவது பல்

ஜனவரி 12

அன்புள்ள தங்கச்சிக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் உன் அத்தானும் சுகம். என் முழங்கால் மட்டும் சுகமில்லை, அதற்குக் காரணமும் நான்தான், பிறகு சொல்கிறேன். உன் கழுத்துவலி எப்படி இருக்கிறது? குனிந்தே வேலை செய்யாதே என்றால் கேட்கவா போகிறாய்.

சாமான்களைப் பிரித்து அடுக்கியாயிற்று. உன் அத்தானுக்குப் படகுத்துறையில் டிக்கெட் கொடுக்கும் வேலை. வீட்டின் பின்கதவைத் திறந்தால் உப்பங்கழி. கடல் ஏறும்போது தண்ணீர் படி வரை வந்து நிற்கும். வற்றும்போது சேறும் சரளையும் தெரியும். முதல் வாரம் எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறைதான். ரயில் நிலையத்தில் அத்தனை வருஷம் மைக்கைப் பிடித்து அறிவிப்புச் சொன்ன வாய்க்கு இங்கே பேச ஆளில்லை. கரையில் நின்று நண்டுகளிடம் 'பயணிகளின் கனிவான கவனத்திற்கு' என்று சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் திரும்பிப் பார்க்கவில்லை.

போன வாரம் தண்ணீர் வற்றிய நேரத்தில் செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டது. அதைப் பிடுங்கக் குனிந்தபோது சரளைக்கு நடுவே கறுப்பாக, வழவழப்பாக ஒரு முக்கோணம். கழுவிப் பார்த்தால் பல். கல்லாகிப்போன சுறாப் பல். அந்தப் பக்கமாக வந்த படகுக்காரரிடம் காட்டினேன். "இது இங்க எப்பவும் கிடைக்கிறதுதாம்மா. மனுஷன் பொறக்கிறதுக்கு ரொம்ப முன்னாடி செத்த சுறாவோடது" என்று சாவகாசமாகச் சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அன்றைக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

அப்புறம் கேட்பானேன். மாவு சலிக்கும் சல்லடையைத் தூக்கிக்கொண்டு தினமும் கழியில்தான் இருக்கிறேன். முழங்கால் கதை அதுதான். சல்லடை கதை உன் அத்தானுக்கு இன்னும் தெரியாது.

கிடைத்ததில் கொஞ்சம் அனுப்பியிருக்கிறேன். எது எந்தச் சுறா என்று பார்த்துச் சொல். நம் குடும்பத்தில் பல்லைப் பற்றிக் கேட்க உன்னை விட்டால் வேறு யார்? நாள் முழுக்கப் பல் செட் செய்கிற கை உன்னுடையது.

சின்ன வயதில் பஸ் அளவு மீனைப் பார்த்தேன் என்று ஒரே ஒரு தடவை சொன்னேன். அதற்காகப் புளுகுணி என்று பெயர் வைத்து இன்று வரை விடவில்லை நீங்கள். இந்தத் தடவை சாட்சியைப் பொட்டலம் கட்டி அனுப்புகிறேன். அதற்கும் நம்பாவிட்டால் இங்கே வந்து பார்.

அன்புடன்,
அக்கா


ஜனவரி 30

புளுகுணி அக்காவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். கழுத்து இருந்த இடத்திலேயே இருக்கிறது. உன் முழங்காலுக்கு ஒத்தடம் கொடு. அத்தானுக்கு வேறு சல்லடை வாங்கிக் கொடு.

பொட்டலம் வந்தது. உன் பொக்கிஷத்தில் பெரிது என்று தனியாகக் காகிதம் சுற்றி அனுப்பினாயே, அது பல்லே இல்லை. நண்டுக் கொடுக்கின் நுனி. பல் என்றால் வேர் இருக்கவேண்டும். இதற்கு வேரும் இல்லை, எனாமலும் இல்லை. சிரித்ததில் என் கழுத்து இன்னும் கொஞ்சம் பிடித்துக்கொண்டது.

மற்றவை பல்தான். நூலகத்திலிருந்து ஒரு புத்தகம் எடுத்து வந்து ஒப்பிட்டேன். சேவல் கொண்டை மாதிரி வளைந்து, விளிம்பில் ரம்பம் போல் இருப்பது புலிச்சுறா. ஊசியாக நீண்டு, அடியில் இரண்டு பக்கமும் குட்டி ஊசி இருப்பது மணற்சுறா. தட்டையாக, வரிவரியாக இருப்பது திருக்கை மீன் சிப்பியை நொறுக்கும் தகடு. அதைச் சுற்றிய காகிதத்தில் நீ 'உடைந்த சீப்பு' என்று எழுதியிருந்தாய்.

ஒன்று தெரிந்துகொண்டேன். சுறாவுக்கு ஒரு பல் விழுந்தால் பின்வரிசையில் காத்திருக்கும் பல் முன்னால் வந்து நின்றுகொள்ளும். சாகும் வரை இதே கதைதான். சுறாக்கள் எனக்கு வாடிக்கையாளர்களாக இருந்தால் லேப்பை இழுத்து மூடவேண்டியதுதான். அதனால் கழியில் பல் கிடைப்பது பெரிய அதிசயமில்லை. ஒரே சுறா ஆயிரக்கணக்கில் உதிர்த்திருக்கும்.

இதை உன் உற்சாகத்தைக் குறைக்க எழுதவில்லை. இன்னும் கிடைத்தால் அனுப்பு. இங்கே வந்து பார் என்று எழுதியிருக்கிறாய். பார்க்கலாம், கைநிறைய வேலை இருக்கிறது.

அன்புடன்,
தங்கை


பிப்ரவரி 25

அன்புள்ள தங்கச்சிக்கு,

இங்கே எல்லாரும் சுகம். முழங்கால் இருப்பதே மறந்துபோயிற்று. இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படி.

கழி வளையும் இடத்தில் கரை இடிந்து நீலக் களிமண் வெளியே தெரிகிறது. நேற்று அங்கே விரலை விட்டேன். ஒரு பல். பக்கத்திலேயே இன்னொன்று. ஒரு சாண் இடத்துக்குள் ஒரு கைப்பிடிப் பல். எல்லாம் ஒரே கருநீலம், அகன்ற முக்கோணம், விளிம்பில் ரம்பம் கிடையாது, நுனி இன்றைக்கும் கையைக் கிழிக்கும். கிழித்துவிட்டது. நான் சேற்றில் உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தேனாம், உன் அத்தான் டிக்கெட் ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்திருக்கிறார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அருங்காட்சியகத்தில் எலும்புப் பிரிவில் வேலை பார்க்கும் ஒருவர் மாதம் ஒரு தடவை இந்தத் துறையில் படகு ஏறுவார். எப்போதும் தொப்பி. தொப்பிக்காரர் என்றுதான் எங்களுக்குள் பேச்சு. அவரை டிக்கெட் வாங்க விடாமல் பிடித்து நிறுத்தி விஷயத்தைச் சொன்னேன். "தனிப் பல் எங்க வேணா கிடைக்கும்மா. ஒரே சுறாவோட பல் வரிசையா கிடைச்சா, அந்தச் சுறா அங்கேயே செத்து மண்ணுக்குள்ள கிடக்குன்னு அர்த்தம். அது அப்படித்தான்னு தெரிஞ்சா நான் எழுதி அந்த வளைவை மட்டும் விட்டு வைக்கச் சொல்லலாம்" என்றார்.

எதிலிருந்து விட்டு வைப்பது என்று கேட்பாய். ஜூன் மாதம் இந்தக் கரை முழுக்கக் கல்சுவர் கட்டப்போகிறார்கள். அடையாளத்துக்குச் சிவப்புக் கம்புகள் நட்டுவிட்டார்கள். என் வளைவின் மேலேயே ஒன்று நிற்கிறது. சுவர் வந்துவிட்டால் உள்ளே இருப்பது உள்ளேயே போயிற்று.

எல்லாப் பல்லையும் பஞ்சில் சுற்றி அனுப்புகிறேன். அதே இடத்தில் கிடைத்த ஒரு குட்டிப் பல்லையும் சேர்த்திருக்கிறேன். ஒரே வாய்தானா என்று சொல். ஒரு வார்த்தைகூடக் கூட்டிச் சொல்லவில்லை. ஒரு சாண் இடம், அவ்வளவுதான்.

உன் கழுத்தைப் பார்த்துக்கொள், ஆனால் பல்லைப் பார்த்த பிறகு.

அன்புடன்,
அக்கா


மார்ச் 11

புளுகுணி அக்காவுக்கு,

நலமாகத்தான் இருக்கிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் உடம்புக்கு ஒன்றுமில்லை, அவசரம்.

பொட்டலத்தைப் பிரித்ததும் மெழுகைச் சூடாக்கித் தாடை மாதிரி ஒரு வளைவு பிடித்தேன். பல் செட்டுக்குப் பல் நடுகிற மாதிரியே ஒவ்வொன்றாக நட்டேன். மனிதப் பல்லென்றால் இடதா வலதா என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். இதிலும் அந்தச் சாடை இருக்கிறது. எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்கின்றன. எல்லாம் மேல்தாடை, எல்லாம் இடது பக்கம். நடுவிலிருந்து ஓரத்துக்குப் போகப்போகச் சாய்வு கூடுகிறது, கடைசியில் அளவும் படிப்படியாகக் குறைகிறது. இரண்டு சுறா ஒரே பருமனில் இருக்கலாம். ஆனால் இரண்டு வாயின் பல் இப்படி ஒன்றுக்கொன்று பதில் சொல்லிக்கொண்டு நிற்காது. அக்கா, இது ஒரே வாய். புத்தகத்தில் பார்த்தவரை மாகோ என்ற சுறா வகையின் பழைய சொந்தக்காரன்.

லேப்பில் எல்லாரும் வேலையை விட்டுவிட்டு என் மேஜையைச் சுற்றி நின்றார்கள். டாக்டர் வந்து "யாருக்கு இந்த செட்?" என்று கேட்டார். "எங்க அக்காவோட பேஷன்ட்" என்றேன்.

இரண்டு விஷயம். இரண்டாவது பல்லுக்கும் அடுத்ததற்கும் நடுவே சாய்வு தாவுகிறது. அங்கே ஒரு பல் குறைகிறது. நீ அனுப்பிய குட்டிப் பல்லை வைத்துப் பார்த்தேன், ஒட்டவே இல்லை. பக்கத்துப் பற்களில் பாதிதான் இருக்கிறது, வேரும் ஒரு பக்கம் உடைந்திருக்கிறது. ஏதோ குட்டிச் சுறாவோடது வழிதவறி வந்திருக்கும். அதை எடுத்துவிட்டேன்.

இன்னொன்று, அந்த இரண்டாவது பல்லின் வேர் ஓரத்தில் ஒரு கல் துணுக்கு இறுக ஒட்டியிருக்கிறது. சுரண்டினேன், அசையவில்லை. அழுத்தினால் வேர் பெயர்ந்துவிடும் என்று விட்டுவிட்டேன்.

தோண்டு. ஆனால் முட்டிக்கு மேல் தண்ணீர் இருந்தால் இறங்காதே.

அன்புடன்,
தங்கை


மார்ச் 20

அன்புள்ள தங்கச்சிக்கு,

சுகம், சுகம், எல்லாம் சுகம். உன் கடிதத்தை உன் அத்தானுக்கு மூன்று தடவை சத்தமாகப் படித்துக் காட்டினேன். மூன்றாவது தடவை அவரே சல்லடையை எடுத்துக்கொண்டு வந்தார். சேற்றில் இடுப்பு வரை இறங்கி, மூக்குக்கண்ணாடியைத் தொலைத்தார். அதை நான் சல்லடையில் கண்டுபிடித்துக் கொடுத்தேன். பல் ஒன்றும் புதிதாகக் கிடைக்கவில்லை. அந்தக் களிமண்ணை ஆழத் தோண்ட எனக்குப் பயமாகவும் இருக்கிறது. உள்ளே இருப்பதை உடைத்துவிட்டால் யாரிடம் போய் அழுவது.

நீ கடைசி வரை 'நம்புகிறேன்' என்று எழுதவில்லை, கவனித்தேன். ஆனால் நீ கோணலாக எழுதி நான் பார்த்ததில்லை. அது போதும் எனக்கு.

அந்தக் குட்டிப் பல் உனக்கு. உன் மேஜையில் வைத்துக்கொள், செயினில் கோத்துப் போட்டுக்கொள், உன் இஷ்டம். நான் கொடுத்த பரிசு.

தொப்பிக்காரர் ஏப்ரல் இரண்டாவது வாரம் வீட்டுக்கே வருவதாகச் சொல்லியிருக்கிறார். அதற்குள் வரிசையை மெழுகிலிருந்து எடுத்து, உன் கைத்திறனோடு ஒரு பலகையில் நிறுத்தி அனுப்பு. பார்த்தவுடன் ஆள் வாயடைத்துப் போகவேண்டும். நீயும் வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். வரமாட்டாய், தெரியும், இருந்தாலும் எழுதிவைக்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. கழுத்துக்குத் தலையணையை மாற்று.

அன்புடன்,
அக்கா


ஏப்ரல் 3

புளுகுணி அக்காவுக்கு,

இங்கே எல்லாம் வழக்கம்போல். தலையணையை மாற்றினேன், பரவாயில்லை. அத்தானின் கண்ணாடி நலமா?

வரிசையை அனுப்பிவிட்டேன். மேலே கவிழ்த்திருக்கும் மூடியைத் திருகாமல் நேராகத் தூக்கு. வேலை நேரம் முடிந்த பிறகு ஒவ்வொரு சாயங்காலமும் இதோடுதான் உட்கார்ந்திருந்தேன். நான் செய்த செட்டிலேயே இதுதான் அழகு. கண்ணுக்கு உறுத்தாமல் வரிசை முழுசாக நிற்கிறது. ஓட்டையோடு எதையும் வெளியே அனுப்பிப் பழக்கமில்லை எனக்கு. பழக்கதோஷம்.

குட்டிப் பல்லுக்குத் துளை போட்டுச் செயினில் மாட்டலாம் என்று எடுத்தேன். வேர் உடைந்த பக்கம் தாங்காது என்று தோன்றியது. அப்படியே மெழுகு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். காலையில் டப்பாவைத் திறந்தால் அதுதான் முதலில் கண்ணில் படுகிறது.

தொப்பிக்காரர் என்ன சொன்னார் என்று உடனே எழுது. இங்கே லேப்பில் பந்தயமே கட்டியிருக்கிறார்கள்.

அன்புடன்,
தங்கை


ஏப்ரல் 16

தங்கைக்கு,

நலம். உன் நலத்தையும் விசாரித்ததாக வைத்துக்கொள்.

தொப்பிக்காரர் வந்தார். வரிசையைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். அவ்வளவு மரியாதை. ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை குனிந்து பார்த்துக்கொண்டே போனார். அப்புறம் ஒரு பீங்கான் தட்டு கேட்டார். ஒவ்வொரு பல்லாகப் பலகையிலிருந்து எடுத்துத் தட்டில் லேசாகத் தட்டினார். டிங். டிங். மூன்றாவது பல்லைத் தட்டினார். டொக்.

மறுபடி தட்டினார். மறுபடியும் டொக்.

"இதை யாரும்மா செஞ்சது?" என்றார். ஏன் செய்தீர்கள் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. எனக்குத் தெரியாது என்று சொன்னேன். எனக்கே அது புளுகு மாதிரிதான் கேட்டது. "மத்ததெல்லாம் நிஜப் பல்லுதாம்மா. ஆனா ஒண்ணு செஞ்சதுன்னு ஆனப்புறம், எல்லாம் ஒரே இடத்துல கிடைச்சதுன்னு நான் எதை வச்சு எழுதறது?" என்று மெதுவாகச் சொன்னார். உன் அத்தான் எனக்காக அவரிடம் ஏதோ எடுத்துச் சொல்ல ஆரம்பித்தார், நான் எழுந்து உள்ளே போய்விட்டேன். அப்புறம் அவர்கள் என்ன பேசினார்களோ தெரியாது.

நீ அனுப்பியதை எண்ணிப் பார்க்காதது என் தப்பு. உன் கைபட்ட வேலை என்று எண்ணவில்லை.

நான் கூட்டிச் சொன்னது வாழ்க்கையில் எவ்வளவோ. ரயில் அரை மணி தாமதம் என்று தாள் வந்தால்கூட என் குரலில் அது ஒரு கதையாகிவிடும். இந்த ஒரு விஷயத்தில்தான் ஒரு நூல் கூடக் கூட்டவில்லை. உள்ளதை உள்ளபடி சொன்ன அந்த ஒரு தடவை, கையில் பொய்ப் பல்லைக் கொடுத்து என்னை உட்கார வைத்துவிட்டாய்.

சுவர் ஜூனில் வருகிறது. வரட்டும்.

அக்கா


மே 10

மச்சினிக்கு,

டிக்கெட் ஜன்னலிலிருந்து அத்தான் எழுதுகிறேன். உன் அக்கா நலம் என்று எழுதவேண்டும், அப்படியே எழுதிவிட்டேன். நீ நலமா? மூன்று வாரத்துக்கு மேல் ஆகியும் உன்னிடமிருந்து பதில் இல்லை. தபால்காரர் வரும் நேரத்தில் அவள் வாசலைப் பெருக்குகிறாள். அவர் போன பிறகு, பெருக்கிய இடத்தையே மறுபடி பெருக்குகிறாள்.

சல்லடை மாவுக்கே திரும்பி வந்துவிட்டது. நான் ஆசைப்பட்டது அதுதான் என்று நினைப்பாய். எனக்கு அதைப் பார்த்தால்தான் பயமாக இருக்கிறது. கழிப் பக்கம் போகும் கதவைத் திறப்பதே இல்லை. வீட்டில் சத்தமே இல்லையம்மா. கல்யாணமான நாளாக நான் ஏங்கிக் காத்திருந்த அமைதி இது. ஒரு வாரத்துக்கு மேல் தாங்கவில்லை.

இந்தக் கடிதம் அவளுக்குத் தெரியாது. இன்று தொப்பிக்காரர் படகுக்கு வந்தார். நல்ல மனுஷன், அவளை விசாரித்தார். உன்னைப் பற்றியும் பேச்சு வந்தது. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், எனக்குப் புரியவில்லை: "உங்க மச்சினி கை தங்கம் சார். நான் தட்டிப் பார்க்கலேன்னா ஏமாந்திருப்பேன். ஆனா அது கல்லாவே இருந்தாலும் எனக்கு சந்தேகம் வந்திருக்கும். இந்த ஜாதிச் சுறாவுக்கு மேல்வரிசையில மூணாவது பல் எப்பவும் பொடிசா இருக்கும். ரெண்டு பக்கமும் பெருசு, நடுவுல அது மட்டும் குட்டி. அவங்க மனுஷ வாய்க் கணக்குல நடுத்தரமா ஒண்ணு வச்சுட்டாங்க."

படகு வந்துவிட்டது, போய்விட்டார். உனக்குப் பல் விஷயம் புரியுமே என்று எழுதினேன். புரிகிறதோ இல்லையோ, அவளுக்கு இரண்டு வரி எழுது. திட்டியாவது எழுது.

ஆசீர்வாதங்களுடன்,
அத்தான்


மே 14

அக்காவுக்கு,

நீ நலமா என்று கேட்கக்கூட எனக்கு வாயில்லை. கேட்கிறேன். முழங்கால் எப்படி இருக்கிறது?

எழுதாமல் இல்லை. எழுதி எழுதிக் கிழித்தேன். நான் ஏமாற்ற நினைக்கவில்லை என்று எழுதினால் அது எல்லாரும் சொல்வதுதானே. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். என் வேலையில் வாயில் ஓட்டை இருந்தால் அடைக்கவேண்டும். அடைத்தது தெரியக்கூடாது. எது சொந்தப் பல், எது நான் வைத்தது என்று யாரும் கேட்கமாட்டார்கள், நானும் சொல்லமாட்டேன். சொல்லாமல் இருப்பதுதான் வேலையே. அந்த வரிசையில் ஓட்டையைப் பார்த்ததும் கை தானாகப் பல் செட் செய்யும் அக்ரிலிக்கைப் பிசைந்தது. கருநீலம் சரியாக வந்ததும் எனக்கு ஒரே பெருமை. உன்னிடம் சொல்லவேண்டும் என்று ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லை. அதை நினைத்தால்தான் வெட்கமாக இருக்கிறது.

இன்று அத்தான் கடிதம் வந்தது. அவரைத் திட்டாதே. படித்துக்கொண்டே வந்தவள் 'நடுவில் அது மட்டும் குட்டி' என்ற இடத்தில் எழுந்து நின்றுவிட்டேன். நாற்காலி பின்னால் விழுந்தது. மெழுகு டப்பாவைத் திறந்தேன்.

அக்கா, அந்தக் குட்டிப் பல். நீ அதே ஒரு சாண் இடத்தில் எடுத்து, மற்றதோடு சேர்த்தே எனக்கு அனுப்பினாய். மனிதப் பல்லையே பார்த்துப் பழகிய நான் அதை வரிசையிலிருந்து தூக்கி எறிந்துவிட்டு, அதன் இடத்தில் பொய்யை வைத்தேன். மூன்றாவது பல் முதலிலிருந்தே நம்மிடம்தான் இருக்கிறது.

இன்னும் இருக்கிறது, பொறு. அதன் வேர் ஒரு பக்கம் உடைந்திருக்கிறது. அந்த உடைப்பு பழையது, உடைந்த இடமும் கருநீலம்தான். இப்போது உன்னிடம் இருக்கும் இரண்டாவது பல்லை எடு. அதன் வேரில் நான் சுரண்டியும் வராத கல் துணுக்கு ஒன்று இருக்கும். பூதக்கண்ணாடி வைத்துப் பார். அது கல் இல்லை என்று நினைக்கிறேன். இதன் உடைந்த வேர்த் துண்டு பக்கத்துப் பல்லோடு ஒட்டி இறுகிப்போயிருக்கிறது. பக்கத்தில் பக்கத்தில் கிடந்தால்தான் அப்படி ஒட்டும்.

தப்பாகவும் இருக்கலாம். ஒரு தடவை தப்பாகப் போனவள்தானே நான். அதனால் இதைத் தபாலில் அனுப்பமாட்டேன். வெள்ளிக்கிழமை ரயிலில் நானே கொண்டுவருகிறேன். உள்ளங்கையிலேயே வைத்துக்கொண்டு வருவேன். தொப்பிக்காரர் வந்தால் அவர் முன்னால் நானே சொல்கிறேன், செய்தது நான், அக்காவுக்குத் தெரியாது என்று.

உன் முதல் கடிதத்திலேயே உன்னை நம்பினேன். எழுதத்தான் வரவில்லை.

தங்கை


ஜூன் 8

அன்புள்ள தங்கச்சிக்கு,

ஊர் போய்ச் சேர்ந்த கடிதம் கிடைத்தது. உன் பையில் அரைக் கிலோ சேறு இருந்ததாக எழுதியிருக்கிறாய். அதில் பாதி உன் அத்தான் வேண்டுமென்றே போட்டது. எங்கள் இருவருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. உனக்குக் கழுத்து வலி விட்டுவிட்டது என்றாயே, அது குனிந்த வேலையை விட்டுக் கழியில் குனிந்ததால் வந்த பலன். மறுபடி வந்தால் மறுபடி சரியாகும்.

நீ இருந்தபோது நடந்ததை எழுதத் தேவையில்லை என்றாலும் எழுதிப் பார்க்க ஆசையாக இருக்கிறது. வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறை மேஜையில் உட்கார்ந்தாய். நான் இரண்டாவது பல்லை எடுத்து உன் முன்னால் வைத்தேன். குட்டிப் பல்லைத் துணுக்கின் பக்கம் கொண்டுபோனாய். ஒரு தடவை திருப்பினாய். அப்புறம் அது போய் உட்கார்ந்துகொண்டது. நடுவில் ஒரு மயிரிழை இடம்கூட இல்லை. நாம் போட்ட சத்தத்தில் படகுத்துறையில் டிக்கெட்டுக்கு நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்த்ததாக உன் அத்தான் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

நீ ரயில் ஏறிய பிறகு நடந்ததைச் சொல்கிறேன். செய்தது நான்தான் என்று நீ சொன்னதைக் கேட்டுவிட்டுத் தொப்பிக்காரர் இரண்டு பல்லையும் எடுத்துக்கொண்டு போனாரே, அருங்காட்சியகத்தில் பெரிய லென்ஸ் வைத்துப் பார்த்திருக்கிறார். போன வாரம் வந்தார். படியேறும்போதே தொப்பி கையில் இருந்தது. "ஒடஞ்சது, ஒட்டினது ரெண்டும் மண்ணுக்குள்ள நடந்ததும்மா. எவ்வளவு கைத்திறன் இருந்தாலும் இதைச் செய்ய முடியாது" என்றார். அப்புறம், "முதல்ல நீங்க சொன்னதை நான் நம்பியிருக்கலாம்" என்றார். நான் ரயில் நிலையத்தில் இருந்தவள் தங்கச்சி, ஒரு வார்த்தைக்கு ஒன்பது வார்த்தை பேசுவேன். அன்றைக்கு முந்தானையைத்தான் எடுத்தேன். அழுதுவிட்டேன்.

சுவர் வேலை தொடங்கிவிட்டது. ஆனால் தொப்பிக்காரர் எழுதிக் கொடுத்தபடி, வளைவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்தான். நடுவில் இருந்த சிவப்புக் கம்பைப் பிடுங்கும் வேலையை என்னிடமே கொடுத்தார்கள். உன் அத்தானும் சேர்ந்து இழுத்தார், இரண்டு பேரும் சேற்றில் உட்கார்ந்தோம். நேற்றிலிருந்து நான்கு பேர் நீலக் களிமண்ணைத் தூரிகையால் துடைத்துத் துடைத்துத் தோண்டுகிறார்கள். முதலில் வந்தது பல் இல்லை. காப்பித் தட்டு அளவில் வட்டமாக ஒரு கல், நடுவில் குழிந்து. முதுகெலும்பு. அதன் பின்னால் இன்னொன்று, அதன் பின்னால் இன்னொன்று. வரிசையாகக் கரைக்குள்ளே போகிறது. எவ்வளவு தூரம் போகும் என்று கேட்டேன். தெரியாது என்கிறார்கள். பஸ் அளவு இருக்குமா என்று கேட்டேன். தொப்பிக்காரர் சிரிக்கவில்லை. "பஸ் அளவு வராதும்மா, பாதி வரலாம்" என்றார். சின்ன வயதில் நான் பார்த்த மீனில் பாதி கூட்டல் என்று ஒத்துக்கொள்கிறேன். பாதிதான்.

வரிசையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கப்போகிறார்களாம். மூன்றாவது இடத்தில் அந்தக் குட்டிப் பல். நீ செய்த பொய்ப் பல்லையும் கேட்டார், பக்கத்தில் வைத்து மக்களுக்கு வித்தியாசம் காட்டலாமாம். கொடுக்கமாட்டேன் என்றுவிட்டேன். துளை போட்டுப் பின்கதவுச் சாவியில் கோத்திருக்கிறேன். கழிக்குப் போகும்போதெல்லாம் இடுப்பில் தொங்குகிறது. பார்க்கிறவர்களெல்லாம் அசல் என்றுதான் நினைக்கிறார்கள். நானும் மறுப்பதில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். தண்ணீர் நன்றாக வற்றும் நாளாகப் பார்த்து அடுத்த ரயிலுக்கு டிக்கெட் எடு. உனக்கென்று தனிச் சல்லடை வாங்கி ஆணியில் மாட்டியிருக்கிறது.

இப்படிக்கு,
புளுகுணியின் அக்கா